நூலக வரி கட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

என் முதல் சிறுகதை இந்த மாதம் அச்சில் வந்திருக்கிறது. வாழ்த்திய எல்லோருக்கும் நன்றி. ஆனால் வாழ்த்துக்கு முன்பே நீங்கள் எனக்குச் செய்தவை நிறைய. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, வீட்டு வரி கட்டிய ஒவ்வொருவருக்கும். அதோடு சேர்த்து ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் கட்டுகிறீர்கள். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தபோதே இந்த வரிக்கு வழி செய்துவிட்டார்கள். அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழியில் பிறந்தவர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. எங்கள் வீட்டில் புத்தகம் வாங்கக் காசு இருந்ததில்லை. பள்ளி நாட்களில் நான் படித்த கதைகள் எல்லாம் நீங்கள் கட்டிய காசில் வந்தவைதான்.

நூலகர் அண்ணனுக்கு நன்றி. புதுப் புத்தகக் கட்டு பிரித்ததும், "இது உனக்குப் பிடிக்கும், முதல்ல நீ எடுத்துட்டுப் போம்மா" என்பார். பெரியவர்கள் படிக்கும் நாவலைச் சின்னப் பெண் கேட்கிறாளே என்று ஒரு நாளும் தயங்கியதில்லை.

அப்புறம், தமிழ் ஐயா. பத்தாம் வகுப்பில் கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு கதை எழுதியிருந்தேன். மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வரும் அம்மாவைப் பற்றி, "அவள் மிகுந்த துயரத்தில் ஆழ்ந்தாள்" என்று முடித்திருந்தேன். ஐயா அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஓரத்தில், "வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்தாள்?" என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் யோசித்தேன். மகன் சாப்பிட்டு வைத்துவிட்டுப் போன தட்டைக் கழுவாமல் எடுத்து வைத்தாள் என்று மாற்றினேன். ஐயா எதுவும் சொல்லாமல் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். இன்றைக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அம்மா, "நீ படி, மாவு நான் ஆட்டிக்கிறேன்" என்று நீ விட்டுக்கொடுத்த சாயங்காலங்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்? என் கதைகளைப் போனிலேயே பொறுமையாகக் கேட்டு, பிடிக்காத இடத்தைப் பிடிக்கவில்லை என்று சொன்ன தோழிக்கும் என் அன்பு.

நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன், எல்லோரும் படியுங்கள். ஐயா, அடுத்த கதை பாதி முடிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வீட்டுக்கு வருகிறேன், சிவப்புப் பேனாவை எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பெண்