ஆற்றில் துணியை விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருநெல்வேலி மாவட்டத்து விக்கிரமசிங்கபுரம் என் அம்மாவின் ஊர். கோடை விடுமுறை விட்டதும் பிள்ளைகளுடன் மாமா வீட்டுக்குப் போய்விடுவோம். ஆச்சி முதல் பேத்திகள் வரை எல்லாரும் பக்கத்துப் பாபநாசத்தில் தாமிரபரணி ஆற்றில் குளித்துவிட்டு வந்த பிறகுதான் இட்லிக்கு இலை விழும். இந்த மே மாதம் கோவில் படித்துறையில் இறங்கிய என் மகள் காலில் ஏதோ சுற்றி, அலறிவிட்டாள். இழுத்தால் பாசி படிந்த சேலை. முந்தானை கல்லிடுக்கில் சிக்கியிருந்தது. பரிகாரம் என்று ஆற்றில் விட்ட துணி! புன்னைக்காயலில் கடல் சேரும் வரை வழிநெடுக இந்தத் தாமிரபரணியைத்தானே குடிக்கிறோம்? துணிகளைக் கரையிலேயே போடத் தொட்டிகள் வைத்து, அன்றன்றே அள்ள வேண்டும். ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

வாசகி, விருதுநகர்