சாட்பாட் செய்தி மட்டும் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

செயற்கை நுண்ணறிவு என்றாலே சாட்பாட், போலி வீடியோ செய்திகள்தான் வருகின்றன. சரி, அதுவும் தேவைதான். ஆனால் புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் பற்றியும் எழுதுங்கள். ஒரு புரதம் எப்படி மடிந்து என்ன வடிவம் எடுக்கிறது என்று அறிய, அதைப் படிகமாக்கி எக்ஸ் கதிர் பாய்ச்சி மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் ஆய்வகத்தில் மல்லுக்கட்டிய நிலை மாறி, அமினோ அமில வரிசையைக் கொடுத்தாலே கணினி வடிவத்தைக் கணித்துவிடுகிறது. 2022இல் இதை உருவாக்கியவர்கள் 20 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்களை இலவசமாகவே வெளியிட்டார்கள். 2024 வேதியியல் நோபலில் பாதி இதற்குத்தான். எந்தப் பகுதியில் கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்ற மதிப்பெண்ணும் கூடவே வருகிறது, அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது. இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு வாரம் அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

- ஒரு வாசகர்