தரங்கம்பாடி போய் வந்தோம்

மயிலாடுதுறை,
டிசம்பர் 29.

அன்பு மகனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். ஜெர்மனியில் நீ இருக்கும் லைப்சிக்கில் பனி கொட்டும் படங்களைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு உன் நினைவாகவே இருக்கிறது. காதை மூடிக்கொண்டு வெளியே போகும்படி எழுதச் சொன்னாள்.

அரையாண்டு விடுமுறைக்கு உன் அக்கா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நேற்று முன்தினம் எல்லாருமாக ஒரு வண்டி பேசிக்கொண்டு, காலையில் திருக்கடையூரில் தரிசனம் முடித்து, அங்கிருந்து தரங்கம்பாடிக்குப் போனோம். 1986-இல் நிறுத்தப்பட்ட அந்த மீட்டர்கேஜ் ரயிலில் என் தகப்பனாரோடு சிறுவயதில் கடல் பார்க்கப் போனது உண்டு. ஆனால் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், முப்பது ஆண்டுகள் அச்சகம் நடத்தியும், அங்குள்ள புதிய எருசலேம் தேவாலயத்துக்குள் நான் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. அந்தக் குறை நேற்று முன்தினம்தான் தீர்ந்தது. அதைப் பற்றி உனக்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

கோட்டையைப் பிள்ளைகள் ஓடி ஓடிப் பார்த்தார்கள். தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை அது. 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். நான் பார்க்க விரும்பியது ராஜா வீதியில் இருந்த தேவாலயத்தை. நாங்கள் போனபோது கதவு பூட்டியிருந்தது. அரை மணி நேரம் வேப்பமர நிழலில் காத்திருந்த பிறகு, கோவிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சாவியோடு வந்தார். முகப்பில் மணிமுடியும், டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் பெயரெழுத்துகள் பின்னிய சின்னமும், 1718 என்ற ஆண்டும் இருக்கின்றன. பேரன் அந்த ஆண்டை உரக்கப் படித்துவிட்டு, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதே என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

உள்ளே போனதும் எனக்குப் பேச்சு வரவில்லை. சிலுவை வடிவில் அமைந்த கட்டடம், வெள்ளைச் சுவர்கள், கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரங்கள் இன்னும் அவிழ்க்கப்படாமல் காற்றில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன. பீடத்தின் அருகே ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. 1706 ஜூலையில் இந்தக் கரையில் இறங்கி, திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்த மனிதர் அவர். 1707-இல் கட்டிய முதல் எருசலேம் கோவில் கடலை ஒட்டி இருந்ததால் 1715-இல் கடலால் பாழ்பட்டுவிட, இந்தப் புதிய கோவிலை உள்ளே தள்ளிக் கட்டினார். 1718 அக்டோபர் 11-இல் இதைப் பிரதிஷ்டை செய்தார். அடுத்த பிப்ரவரியிலேயே, முப்பத்தாறு வயதில், இறந்துபோனார். உன்னைவிட இரண்டே வயது மூத்தவர். இதைச் சொன்னபோது அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் கல்லறையின் முன்னால் நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தவை அச்செழுத்து வார்க்கும் ஈயமும் தாளும்தான். தமிழில் அச்சு இங்கே பிறந்துவிடவில்லை. 1578-இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகியிருக்கிறது. ஆனால் அந்த முயற்சிகள் தொடராமல் நின்றுபோயின. தரங்கம்பாடியில் தொடங்கியது நிலைத்தது. லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட அச்சுப்பொறி, வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி மீண்டு, 1712-இல் வந்து சேர்ந்தது. அதை இயக்கத் தெரிந்தவரோ கப்பலிலேயே இறந்துவிட்டார். தமிழ் எழுத்துகளை, இங்கிருந்து போன மாதிரிகளைப் பார்த்து, ஜெர்மனியில் உள்ள ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். வந்து சேர்ந்தபோது அவை அளவில் மிகப் பெரியவையாக இருந்தன. அந்த எழுத்தில் புதிய ஏற்பாடு முழுவதையும் அடித்தால் கையிலிருந்த தாள் பாதியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே சீஸ் அனுப்பப்பட்ட பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கி, இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சேறி முடிந்தன. தாளுக்காகப் பொறையாறில் ஆலை வைத்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப் பட்டறை என்றே பெயர்.

இதன் அருமை ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோக்கும் ஒரு கம்போசிட்டருக்குத்தான் முழுமையாகப் புரியும் என்று நினைக்கிறேன். கல்யாணப் பத்திரிகையோ கோவில் கும்பாபிஷேக மலரோ வரும்போது, 12 பாயிண்ட் அளவு எழுத்தில் கோத்தால் எத்தனை ஃபாரம் (அச்சுத் தாள்), அதைவிடச் சிறிய 10 பாயிண்டில் கோத்தால் எத்தனை ஃபாரம் என்று கணக்குப் போட்டுத் தாளை மிச்சம் பிடித்துத்தான் நான் உங்கள் இருவரையும் படிக்க வைத்தேன். மாலையில் பள்ளிவிட்டு வந்து, எழுத்துகளைப் பிரித்து வைக்கும் கேஸின் முன்னால் முக்காலி போட்டு ஏறி நின்று, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறியிருக்கும் எழுத்தைப் படிக்க நீ கற்றுக்கொண்டது உனக்கு நினைவிருக்கும்.

ஈய எழுத்தே தேவைப்படாத ஆப்செட் அச்சு வந்த பிறகு, நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்த ஆண்டில், எழுத்துகள் எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்காரருக்கு எடைக்குப் போட்டேன். உன் அக்காவின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. சாக்கில் கொட்டும்போது ஈயம் எழுப்பிய அந்தச் சத்தம் என் காதை விட்டு இன்னும் போகவில்லை. நீ வாசலில் நின்று ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்றிரவு நீ சாப்பிடவில்லை என்பதை அம்மா எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் சொன்னாள். ஒரு பெட்டித் தகட்டை எழுத்தாக்க அவர்கள் அவ்வளவு பாடுபட்ட இடத்தில் நின்றபோது, எழுத்துகளை வெறும் ஈயமாக நிறுத்துக் கொடுத்தவன் நான் என்ற எண்ணம் என்னை மிகவும் வருத்தியது. வேறு வழி இருக்கவில்லை. ஆனாலும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதை இத்தனை காலம் உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

பிறகு கடற்கரைக்குப் போனோம். மாசிலாமணிநாதர் கோவிலைக் கடல் எவ்வளவு விழுங்கியிருக்கிறது என்று அக்கா பிள்ளைகளுக்குக் காட்டினாள். இருட்டுவதற்குள் வீடு திரும்பினோம்.

உன்னிடம் ஒரு வேலை சொல்ல வேண்டும். லைப்சிக்கிலிருந்து ஹாலே அரை மணி நேர ரயில் பயணம்தான் என்கிறார்கள். அங்கே, சீகன்பால்குவின் பணிக்குத் துணைநின்ற பிராங்கே நிறுவனத்தின் நூலகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் பாதுகாத்து வருகிறார்கள். ஒரு விடுமுறை நாளில், முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றுக்கொண்டு, போய்ப் பார். 1715-ஆம் ஆண்டுப் புதிய ஏற்பாட்டைக் காட்டினால், ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி, ஒரு வரிக்கு எத்தனை எழுத்து என்று எண்ணி எழுது. ‘ழ’ எவ்வளவு உயரம் என்பதையும் அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொள். அன்று சாக்கில் விழாமல் தரையில் உருண்டு கிடந்த ஒரு ‘ழ’வை நான் எடுத்து வைத்திருக்கிறேன், பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது 12 பாயிண்ட்.

அன்புடன்,
அப்பா