சித்தப்பாவுக்கு, மாட்டுப் பொங்கலுக்கு முன்பாக

அன்புள்ள சித்தப்பா,

இந்த வருஷமும் பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊருக்கு வந்துவிடுவோம். நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

ஜனவரி 15 ராணுவ தினம் என்று ராணுவத்தில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1949-ல் அன்றுதான் கரியப்பா தலைமைத் தளபதி ஆனார். நமக்கோ அந்தத் தேதி ஒன்று பொங்கலாக இருக்கும், இல்லை மாட்டுப் பொங்கலாக இருக்கும். கொம்புக்கு பெயின்ட் அடிக்கிற நேரத்தில் டிவியில் அணிவகுப்பு பார்க்க யார் இருக்கிறார்கள்?

ஆனால் அன்றைக்கு ஒரு படைவீரனைக் கும்பிட்டுவிட்டுத்தான் நம் வீட்டில் சாப்பிடுகிறோம். ஏரிக்கரையில் நடுகல்லாக நிற்கிற வேடியப்பனைத்தான் சொல்கிறேன். கையில் வில்லோடு நிற்கிறான். மஞ்சள் பூசிப் பூசி முகமே மழுங்கிவிட்டது. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் பலவற்றில் நிற்பது அவனைப் போன்றவன் கதைதான்: எதிரி ஓட்டிப்போன மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன். பல்லவர் காலத்திலேயே வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் வெட்டி வைத்தார்கள். அரசன் பெயரும் ஆட்சியாண்டும் ஓரமாக எழுத்தில் இருக்கும். உருவம் மட்டும் செத்தவனுடையது. இன்றைக்கு அஞ்சலி பேனரில் தலைவர்கள் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள், ஜவான் ஸ்டாம்ப் சைஸில் மூலையில் கிடக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

2016 பிப்ரவரி ஞாபகம் இருக்கிறதா? சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவு. உங்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியன் ஆட்கள் 10 பேர் போனார்கள். அதில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி என்று டிவியில் ஊர் ஊராகச் சொன்னபோது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனீர்கள். சித்தி அன்றைக்கு உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை, இன்றுவரை.

இந்த மாட்டுப் பொங்கலுக்கு வேடியப்பனுக்குப் படையல் போட்டுக் கற்பூரம் காட்டும் முன், அந்த 10 பேர் பெயரையும் நீங்கள் வாசிக்க வேண்டும். பேச்செல்லாம் வேண்டாம்; பெயர், ரேங்க், ஊர் போதும். பசங்கள் காதில் விழட்டும். மெடல் குத்திக்கொள்ளச் சொன்னால் திட்டுவீர்கள், அதனால் சொல்லவில்லை. டிரங்குப் பெட்டிச் சாவி சித்தியிடம் இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கேன்டீன் சரக்கு விஷயத்தை அப்பாவிடமே பேசிக்கொள்ளுங்கள். போன வருஷமே பாகம் பிரித்ததில் அவருக்கு வருத்தம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்