'கரண்ட் கம்மி' என்றால் எது கம்மி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் வாயில் 'கரண்ட்' என்ற ஒரே சொல் நாலு ஆள் வேலையைப் பார்க்கிறது. "கரண்ட் இல்லீங்க" என்றால் சப்ளை இல்லை. "இந்தத் தடவை கரண்ட் ஜாஸ்தி ஆயிருச்சு" என்றால் யூனிட் கூடிவிட்டது. "கரண்ட் கம்மியா வந்து மோட்டார் கருகிப் போச்சுங்க" என்றால் வோல்டேஜ் குறைந்துவிட்டது.

கடைசியாகச் சொன்னதுதான் வேடிக்கை. தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு வோல்டேஜ் குறைந்தால், அதே வேலையைச் செய்ய அது ஆம்பியரை, அதாவது நிஜமான கரண்டை, கூட்டி இழுக்கும். காயில் சூடேறி, மேலே பூசிய வார்னிஷ் கருகி, ஷார்ட் ஆகிவிடும். மூன்று பேஸில் ஒன்று போனாலும் இதே கதிதான். ஆக, மோட்டார் எரிந்தது கரண்ட் கூடியதால். இதை விளக்கினால், "ஏதோ ஒண்ணுங்க, நாளைக்குள்ள முடிச்சுக் குடுங்க, தென்னை காயுது" என்பார்கள். சரி, அவர்கள் கவலை அவர்களுக்கு.

ஆங்கிலத்தில் 'எலக்ட்ரிசிட்டி' என்ற பெயர் அம்பர் என்னும் பிசினிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் அதற்கு 'எலக்ட்ரான்' என்று பெயர்; தேய்த்தால் துரும்பை இழுக்கும். 1600-ல் வில்லியம் கில்பர்ட் எழுதிய நூலிலிருந்து அந்தப் பெயர் வேர்விட்டது. நமக்கு 'மின்' என்றால் மின்னல். ஷார்ட் ஆகும்போது தெறிக்கும் பொறியைப் பார்த்தவன் என்ற முறையில், நம் சொல்தான் பொருத்தம் என்பேன்.

பேச்சில் எல்லாம் கரண்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும். பத்திரிகையில் மெகாவாட்டும் யூனிட்டும் குழம்புவதுதான் உறுத்துகிறது. 'நாளொன்றுக்கு இத்தனை மெகாவாட் மின்சாரம் உற்பத்தி' என்ற வரியை அடிக்கடி பார்க்கிறேன். பம்பு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பதைப் போன்றது மெகாவாட். தொட்டியில் சேர்ந்த தண்ணீரைப் போன்றது யூனிட்; ஒரு மெகாவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஆயிரம் யூனிட். மெகாவாட்டுக்கு முன்னால் 'நாளொன்றுக்கு' போட்டால் அர்த்தமே இல்லை.

கூடங்குளத்தில் ஓர் உலை 1,000 மெகாவாட். முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் 2.4 கோடி யூனிட் தரும். கமுதி சூரிய மின் நிலையம் 648 மெகாவாட். எண்ணை மட்டும் பார்த்தால் உலையில் மூன்றில் இரண்டு பங்கு என்று தோன்றும். ஆனால் ராத்திரி அங்கே ஒன்றும் வராது, மேகம் வந்தாலும் குறையும். ஒரு நாள் யூனிட்டைக் கணக்குப் பார்த்தால் அந்தப் பங்கு எங்கோ கீழே நிற்கும். மெகாவாட்டை மட்டும் போடும் செய்தியில் இது தெரிவதே இல்லை.

மின்நிலையத்தைப் பற்றி எழுதும்போது மெகாவாட்டுக்குப் பக்கத்தில் யூனிட்டையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டு பில்லில் பார்க்கிற சொல்தானே அது.

இப்படிக்கு,
மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர்,
பொள்ளாச்சி