பொதி கொடுத்த கணக்கும் பிள்ளை தேறிய கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பிள்ளைகளின் போசாக்குக்காக நடக்கும் செயற்றிட்டங்களின் நிறைவு அறிக்கைகளில் இத்தனை தாய்மாருக்குப் பயிற்சி, இத்தனை பொதி விநியோகம், இத்தனை கூட்டம் என்று தவறாமல் இருக்கும். அது களஞ்சியக் கணக்கு. பிள்ளை தேறியதா என்று அதில் தேடினால் கிடைக்காது. முன்னும் பின்னும் நிறை பார்த்து எழுதும் அறிக்கைகளிலும் பிழை மலிந்திருக்கிறது. அது எங்கே நுழைகிறது என்று சொல்லவே இக்கடிதம்.

கார்த்திகை, மார்கழியில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வெள்ளம் நிற்கும், கூலிவேலை அடங்கிவிடும், கரையோரத்தில் தோணி இறங்காது. அந்த நேரத்தில் ஆரம்ப நிறையை எடுத்து, பெரும்போக அறுவடை முடிந்த பங்குனி, சித்திரையில் இறுதி நிறையை எடுத்தால் எந்தச் செயற்றிட்டமும் வென்றதாகவே தெரியும். வீட்டுக்கு நெல் வந்ததால் ஏறிய நிறையும் அதற்குள் இருக்கிறது. ஜூனில் வரும் போசாக்கு மாதத்தில் எடுக்கும் எண்ணோடு டிசம்பர் எண்ணை ஒப்பிடுவதும் இதே கோளாறுதான். சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் உணவு பற்றிக் கேட்பவர்கள் நோன்பு மாதத்தையும் பார்க்கவேண்டும். அது வருடாவருடம் ஏறக்குறைய 11 நாள் முந்தி வருவதால், போன வருடத்து அதே திகதியில் கேட்டோம் என்பது போதாது.

இன்னொன்று, நிறை குறைந்த பிள்ளைகளை மட்டும் தெரிந்து சேர்ப்பது. காய்ச்சலோடும் வயிற்றோட்டத்தோடும் கிளினிக்குக்கு வந்த நாளில் குறைவாக நிறுக்கப்பட்ட பிள்ளை, எதுவும் கொடுக்காமலே சில கிழமையில் பழைய நிறைக்கு வந்துவிடும். அதையும் செயற்றிட்டத்தின் வரவில் எழுதிவிடுகிறார்கள்.

அளப்பதில் நடக்கும் கூத்து தனி. தொங்கு தராசில் பிள்ளையை இருத்தும் துணியைக் கொழுவிய பிறகுதான் முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். தினமும் காலையில் முத்திரை குத்திய 5 கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்க்கவேண்டும். இதற்கு இரண்டு நிமிடம்கூடப் பிடிக்காது. உயரத்தில் வரும் பிழை இதைவிடப் பெரியது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் படுக்கவைத்தும் அதற்கு மேற்பட்ட பிள்ளையை நிற்கவைத்தும் அளப்பது முறை. இரண்டுக்கும் இடையே 0.7 செ.மீ. வித்தியாசம் உண்டு. சரியாக 24 மாதமான ஆண்பிள்ளை ஒன்று நிற்க மறுத்து அழுகிறது, படுக்கவைத்து அளக்கிறார்கள், 81.3 செ.மீ. வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2006 அளவுகோலின்படி இதற்குக் குறைந்தால் குட்டை என்று கொள்ளும் எல்லை, படுக்கவைத்து அளந்தால் 81.7, நிற்கவைத்தால் 81.0. ஆகவே அது வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளை. ஆனால் 0.7ஐக் கழிக்காமல் நிற்கும் அட்டவணையில் பதிந்தால் ஒரே நிமிடத்தில் சுகமாகிவிடும்! ஆறு மாதச் செயற்றிட்டம் ஒன்று குட்டையான பிள்ளைகளின் தொகையைப் பாதியாக்கிவிட்டதாக எழுதினால் முதலில் அளவுப் பலகையைப் பாருங்கள். பதிவேட்டில் உயரத்தின் கடைசி இலக்கம் 0, 5 என்றே வரிசையாக நின்றால், அது கண்மட்டத்தில் எழுதியது. இருவர் தனித்தனியே அளந்து, 0.7 செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் திரும்ப அளக்கவேண்டும். பொதி கொடுக்கும் ஆளே இறுதி நிறையையும் எடுக்கக்கூடாது. குடும்பநல உத்தியோகத்தருக்கு ஏற்கெனவே இருக்கும் வேலைப் பளுவோடு இதையும் சேர்ப்பது நியாயமுமில்லை.

கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவை எடுத்துக்கொள்வோம். பொதி 750 கிராம், மாதம் இரண்டு பொதி, பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் என்பது கணக்கு. வீட்டில் நான்கு பேர் அதே அளவு சாப்பிட்டால் 1,500 கிராமும் ஏழெட்டு நாளில் முடிந்துவிடும். “பிள்ளைக்குக் குடுக்கிறீங்களா?” என்று கேட்டால் எந்தத் தாயும் “ஓம் மிஸ், குடுக்கிற” என்றுதான் சொல்வார். பொதி எப்போது உடைத்தது, மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு, மிச்சத்தை நிறுத்துப் பார்க்கவேண்டும். நேற்று விடிந்ததிலிருந்து படுக்கும்வரை பிள்ளை வாயில் வைத்ததை ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும். கோயில் திருவிழாவுக்கும் பெருநாளுக்கும் மறுநாள் போய்க் கேட்டுப் பயனில்லை.

விலகிய பிள்ளைகளை அறிக்கையிலிருந்தும் விலக்கிவிடுவது பரவலான வழக்கம். 100 பேரைச் சேர்த்து, 30 பேர் இடையில் காணாமற்போய், 40 பேர் தேறினால், 70இல் 40 என்று 57 வீதம் போடுகிறார்கள். 100இல் 40 என்பதையும் பக்கத்தில் எழுதவேண்டும். வராமல் போனவர்கள் பெரும்பாலும் தூரத்துக் குடும்பங்கள், தாய் வெளிநாடு போன வீடுகள். உதவி அதிகம் தேவைப்பட்டதும் அவர்களுக்குத்தான்.

அம்பாறைக்கு ஒரு தனிச் சிக்கல். கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், தரும் ‘அம்பாறை’ எண் முழு மாவட்டத்துக்கும் உரியது. சுகாதாரத் துறையில் அம்பாறை, கல்முனை என இரண்டு பிராந்தியப் பணிமனைகள். பிள்ளைத் தொகையை ஒன்றிலும் நிறை குறைந்தவர் தொகையை மற்றதிலும் எடுத்து வகுத்தால் வரும் வீதத்துக்குப் பொருளே கிடையாது.

ஒப்பிடுவதற்குச் செயற்றிட்டம் கிடைக்காத ஒரு குழு வேண்டுமென்றால், அதற்காக யாருக்கும் இல்லை என்று சொல்லவேண்டாமே. எட்டு கிராம சேவகர் பிரிவுகளுக்கான செயற்றிட்டம் என்றால், எப்படியும் எட்டிலும் ஒரே நாளில் தொடங்கப்போவதில்லை. பிரதேச செயலகத்தில் எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கி, நான்கில் முதலிலும் மற்ற நான்கில் ஆறு மாதம் கழித்தும் தொடங்கலாம். எட்டிலும் ஒரே கிழமையில் நிறை எடுத்தால், மழையும் அறுவடையும் இருபக்கமும் சமம். இரண்டுக்கும் இடையில் எஞ்சும் வித்தியாசத்தைத்தான் செயற்றிட்டத்தின் பலன் என்று எழுதலாம். சீட்டுக் குலுக்குவதால் எந்த ஊர் முதலில் என்ற அரசியல் இழுபறியும் குறையும்.

செயற்றிட்டங்களுக்கு அனுமதி வழங்கும் பிரதேச செயலாளர்களும் சுகாதார வைத்திய அதிகாரிகளும் இத்தகைய அளவீட்டுத் திட்டம் ஒன்றை முதல் நாளிலேயே எழுத்தில் கேட்டுவாங்க வேண்டும். முடிவில் ஆங்கில அறிக்கை கொழும்புக்குப் போகும்போது, தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்று அந்தந்த ஊர் கிளினிக் சுவரிலும் ஒட்டப்படட்டும், பலனில்லை என்று முடிவு வந்தாலும்கூட.

இப்படிக்கு,
கள ஆய்வுப் பணியாளர்கள் சிலர்,
மட்டக்களப்பு.