அந்தச் சொட்டு மருந்தை நிறுத்து

கோபிச்செட்டிபாளையம்
ஞாயிறு இரவு

அன்புள்ள ராசு,

உன் கடிதம் வந்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக நடந்ததில் ரொம்பச் சந்தோஷம். மஞ்சள் வேகவைத்துக் களத்தில் கிடப்பதால் வர முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

ஆனால் கடைசியில் நீ எழுதிய இரண்டு வரி என்னைத் தூங்க விடவில்லை. காய்ச்சல் விட்டதும் உதட்டில் கொப்புளம், இடது கண் மட்டும் சிவந்து நீர் வடிகிறது, வெளிச்சம் கூசுகிறது, போன வருஷம் மெட்ராஸ் ஐக்கு வாங்கிய சொட்டு மருந்தை விடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ராசு, இன்னொரு சொட்டு விடாதே. உன் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் காலையில் தாராபுரம் வருகிற மருமகனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன் எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டேன். இரண்டே நாளில் சிவப்பு வடிந்தது, பார்வை மட்டும் புகை படிந்தாற்போல் ஆனது. அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. சிவப்பைத் தணித்துவிட்டு, உள்ளே வைரஸைத் தாராளமாகப் பெருக விட்டிருக்கிறது. கோயமுத்தூரில் டாக்டர் பஞ்சுத் திரியால் கருவிழியைத் தொட்டார், எனக்குச் சரியாக உறைக்கவே இல்லை. இந்த நோயில் அந்த உணர்ச்சி மரத்துப்போகுமாம். பிறகு சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் காட்டினார். கருவிழி மேல் பச்சையாக ஒரு கிளை, நுனியெல்லாம் மொட்டு மொட்டாக. ஹெர்பிஸ் என்றார், உதட்டில் கொப்புளம் போடுகிற அதே வைரஸ்தான்.

கொடுத்தது அசைக்ளோவிர் 3 சதவீதக் களிம்பு. கீழ் இமைக்குள் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. பால் ஊற்றிவிட்டு வந்து 6 மணிக்கு, 10, 2, மறுபடி 6, படுக்கும் முன் 10. போட்டதும் கொஞ்ச நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும், வண்டி எடுக்கக் கூடாது. புண் ஆறிய பிறகும் மூன்று நாளாவது போடச் சொன்னார். இந்த மருந்தின் நேர்த்தி எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். வைரஸ் புகுந்த செல்லில் அந்த வைரஸின் சொந்த நொதியே இதைத் தூண்டிவிடும், அதன் பிறகு வைரஸ் தன்னைப் படியெடுக்க முடியாது. நல்ல செல்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. இதை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தை நடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. கான்சிக்ளோவிர் ஜெல்லும் உண்டு. உனக்கு எது என்று டாக்டர் சொல்லட்டும்.

பூ விழுந்த கண்ணோடு இருந்த என் அப்புச்சியை உனக்கு ஞாபகம் இருக்கும். அவருக்கு எதனால் வந்ததோ, ஆனால் 1962-இல் ஐடாக்ஸுரிடின் வரும்வரை இந்த நோய்க்கு வைரஸைத் தாக்கும் கண் மருந்தே கிடையாது.

ஆறினாலும் வைரஸ் போய்விடாது, நரம்பு முடிச்சில் படுத்திருக்கும். எனக்கு இரண்டு வருஷம் கழித்துத் திரும்ப வந்தது. அப்போது அசைக்ளோவிரே 400 மில்லிகிராம் மாத்திரையாக, தினம் இரண்டு, ஒரு வருஷம் சாப்பிட்டேன். முன்பு வந்தவர்களை வைத்து அமெரிக்காவில் இதைச் சோதித்து 1998-இல் வெளியிட்டார்கள். மாத்திரை இல்லாதவர்களில் ஒரு வருஷத்துக்குள் 100-க்கு 32 பேருக்குத் திரும்ப வந்தது, சாப்பிட்டவர்களில் 19 பேருக்கு.

அக்கி என்று சொல்லிக் காவி எழுதக் கூட்டிப்போவார்கள். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதையும் கண்ணில் விட விடாதே. நாளைக்கே கண் டாக்டரைப் பார். பழைய புட்டியையும் கையோடு கொண்டு போ, அதில் என்ன இருக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம், உதட்டுக் கொப்புளம் காய்ந்து உதிரும்வரை பேத்திக்கு முத்தம் கொடுக்காதே. கண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

பதில் கடிதம் எழுதிக் கண்ணை வருத்த வேண்டாம். டாக்டர் என்ன சொன்னார் என்று போனில் சொல். களத்து வேலை முடிந்ததும் நானே வருகிறேன்.

அன்புடன்,
குமாரசாமி